தம்பிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சிங்கப்பூர் உபின் தீவில் இருந்து நீ அனுப்பிய படங்கள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தன. கடலுக்கு மேலேயும் காட்டுக்குள்ளேயும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பலகைப் பாதையா! அந்தச் செக் ஜாவா சதுப்பு நிலத்தை மண் கொட்டித் தூர்க்க இருந்ததையும், 2001 டிசம்பரில் அதைத் தள்ளிவைத்ததையும் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். மாதா கோயில் வாசலில் நாலு பேரிடம் காட்டினேன். "வேலைக்குப் போனானா, சுற்றிப் பார்க்கப் போனானா?" என்று ஒருத்தன் கேட்டான். அவன் வாய் அப்படித்தான்.

படத்தில் முன்னும் பின்னும் ஆளைக் காணோம். ஞாயிறு என்றால் கூட்டம் தாங்காது என்று போன வருஷம் நீதான் சொன்னாய். சரி, வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. வேளைக்குச் சாப்பிடு.

அங்கே மரமெல்லாம் பெரிது. நம் காரங்காட்டுக் கண்டல் மரம் அந்த உயரம் வராது. ஆனால் சேற்றைக் குத்திக்கொண்டு விரல் விரலாய் நிற்கும் வேர் அதேதான். சின்ன வயதில் இலையின் அடிப்பக்கத்தை நக்கிவிட்டு உப்பு உப்பு என்று துப்புவாயே, படகில் வருகிறவர்களுக்கு இப்போது அதைத்தான் முதலில் காட்டுகிறேன். மரம் வேண்டாத உப்பை இலை வழியாகக் கக்கிவிடும் என்றால் நம்ப மாட்டார்கள். மதுரைப் பிள்ளைகள் நக்கிப் பார்த்து முகத்தைச் சுளிப்பதைப் பார்க்கணும்.

வாடை தொடங்கிவிட்டது. அலையில்லாமல் அமைதியாகக் கிடக்கும் நம் பெண்கடலும் வாடையில் பெண்கடலாக இருப்பதில்லை. படகுக்கு இன்னொரு ஆள் வேண்டுமாம். உனக்காகச் சொல்லவில்லை, ஊர்ச் செய்தியாகச் சொல்கிறேன். ஐடிஐ படிக்க வைத்தது துடுப்புப் போடவா என்று அம்மா என்னைத்தான் பிடிப்பாள். கப்பல் பட்டறையில் வெல்டிங் பிடிக்கிறவன் இந்தத் தெருவில் நீ ஒருத்தன்தான். அதை ஒரு போன் போட்டுச் சொல்லத்தான் உனக்கு நேரமில்லை.

தொண்டிக்காரரிடம் தை வரை பொறுக்கச் சொல்லிவிட்டேன். இந்த மாதம் பணம் அனுப்பவேண்டாம். அடுத்த மாதமும் அவசரமில்லை. வேளைக்குச் சாப்பிடு, அறை வாடகையைப் பாக்கி வைக்காதே.

படத்தை எந்தக் கிழமை எடுத்தாய் என்று அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவாள். அதற்குப் பிறகு என் நம்பருக்குக் கூப்பிடு. அங்கே பதினொன்றரை ஆகும். மறுநாள் வேலை இருந்தால் வேண்டாம், ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா