எங்கும் போகாத எலக்ட்ரான்

அன்புள்ள மூர்த்திக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவை முடிந்து இப்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, அதனால்தான் தாமதம். மருந்து விடுவதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் மழுப்பாமல் எழுது.

உன் பேத்தி கேட்ட கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "ஏசி மின்சாரத்தில் எலக்ட்ரான் முன்னால் போய் உடனே பின்னால் வந்துவிடுகிறதே, அப்புறம் பல்புக்கு என்னதான் வந்து சேருகிறது?" முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை. யாருக்கும் கேட்கத் தோன்றாதபடி நடத்தியிருக்கிறேன் என்பதுதான் உண்மை. குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி எலக்ட்ரான் ஓடி வருகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

இப்போது மேசைமேல் ஒரு துண்டு செப்புக் கம்பி கிடக்கிறது. குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர். அதில் பேனாவால் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தத் துளியூண்டு இடத்துக்குள் சுமார் எட்டரை லட்சம் கோடி கோடி எலக்ட்ரான்கள் கட்டற்றுத் திரிகின்றன. கம்பியில் ஓடும் மின்னோட்டம் 1 ஆம்பியர் என்றால் நொடிக்கு 62 ஆயிரம் கோடி கோடி எலக்ட்ரான்கள் கடக்க வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் வகுத்துப் பார். ஒரே பக்கமாக ஓடும் நேர்திசை மின்னோட்டத்திலேயே இந்த ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட அவற்றுக்குப் பதின்மூன்று நொடிக்கு மேல் ஆகிறது. ஒரு மீட்டருக்கு மூணே முக்கால் மணி நேரம். நத்தையே பரவாயில்லை. இதைத்தான் இழுப்புத் திசைவேகம் என்று கரும்பலகையில் எழுதி, சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னோம்.

மாறுதிசை மின்னோட்டத்துக்கு, அதாவது அவள் கேட்ட ஏசிக்கு வந்தால் அந்த நத்தைக்கும் வழியில்லை. 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஐம்பது சுற்றில், நூறில் ஒரு நொடிக்கு ஒருமுறை திசை மாறுகிறது. அதே கம்பியில் அதே 1 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டேன், ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைவரை எலக்ட்ரானின் மொத்த ஆட்டமும் 0.66 மைக்ரோமீட்டர்தான். நான் கோடு போட்ட மில்லிமீட்டரை ஆயிரத்து ஐந்நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறு. தலைமயிரின் தடிமனோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு தேறும். அதற்குள் திரும்பிவிட வேண்டியதுதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் அவளிடம் மறைக்காதே. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஊஞ்சல் மாதிரி சமர்த்தாக ஆடுகிறது என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அது சரியில்லை. செம்பில் மின்னோட்டத்தைச் சுமக்கிற எலக்ட்ரான்கள் மின்சாரம் இல்லாதபோதும் நொடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கின்றன. ஆனால் 40 நானோமீட்டர் போவதற்குள் அணுக்களின் அதிர்விலோ வேறு குறையிலோ இடித்துத் திசை மாறிவிடுகின்றன. அந்த நூறில் ஒரு நொடியில் ஒரு எலக்ட்ரான் கோணல்மாணலாகப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிவிடுகிறது! விளக்கைச் சுற்றும் ஈசல் கூட்டத்தை நினைத்துக்கொள். ஒவ்வொன்றும் கண்டபடி பறக்கிறது, லேசாகக் காற்றடித்தால் கூட்டம் மொத்தமும் இம்மியளவு நகர்கிறது. அந்த இம்மிதான் நம் மின்னோட்டம்.

சரி, அவள் கேள்விக்கு வருகிறேன். எலக்ட்ரான் பல்புக்கு வந்து சேர வேண்டியதே இல்லை, அங்கே ஏற்கெனவே இருக்கிறது. உள்ளங்கைகளைத் தேய்க்கச் சொல். முன்னே தள்ளினாலும் சூடு, பின்னே இழுத்தாலும் சூடு. குண்டு பல்பின் இழையில் நடப்பதும் அதுதான். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இடிக்கிறது, இடித்தால் இழை சூடாகிறது. ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சம் வருவதால் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு நூறு முறை ஆற்றல் ஏறி இறங்குகிறது. இழை அதற்குள் ஆறுவதில்லை, அதனால் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

கைக்குத் தோள் பலம் தருகிறது, எலக்ட்ரானுக்கு? அங்கேதான் நானும் ரொம்ப நாள் தடுமாறினேன். ஆற்றல் கம்பிக்குள் எலக்ட்ரான் முதுகில் ஏறி வருவதில்லை. கம்பியைச் சுற்றியிருக்கும் மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்துதான் அதைக் கொண்டுவருகின்றன. 1884-இல் பாய்ன்டிங் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் இதைக் கணக்காகவே எழுதிவிட்டார். அதில் எனக்குப் பிடித்தது இதுதான்: பல்பு எரியும்போது மின்னோட்டம் திசை மாறினால் இரண்டு புலங்களும் ஒருசேர மாறுகின்றன. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வருவதுபோல, ஆற்றல் மட்டும் எப்போதும் பல்பை நோக்கியே போகிறது. சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிவதும் புலம் ஒளிவேகத்தை ஒட்டிப் பரவுவதால்தான்.

இன்னும் நம்பாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டு. உள்ளே இரண்டு சுருள்கள், இடையில் கம்பித் தொடர்பு கிடையாது. ஒரு பக்கத்து எலக்ட்ரான் மறுபக்கம் போக வழியே இல்லை, ஆனாலும் கரண்ட் வருகிறது. மின்நிலையத்து எலக்ட்ரானை உன் வீட்டுப் பல்பு பார்த்ததே கிடையாது.

அந்தச் செப்புத் துண்டை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். கோடு அழிந்திருந்தால் திரும்பப் போட்டுக் கொடு. கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்னால் அந்த ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்று அவளை ஊகிக்கச் சொல். அவள் சொல்லும் எண்ணை அப்படியே எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
சபா