ஆண்டறிக்கை 2024–25: தேங்காய் பன்னும் பதினைந்து சதவீதமும்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கும், இனிமேல் கட்டப்போகிற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோவையில் சின்னச் சின்ன ஆப் செய்து விற்கிற நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரைக்குமான அறிக்கை இது. பொதுக்குழு ஜூன் கடைசிக்குத் தள்ளிப்போனதால் ஏப்ரல், மே மாதச் சங்கதிகளும் உள்ளே நுழைந்துவிட்டன. "கூட்டங்கள் இனிதே நடைபெற்றன" என்று போன வருஷம் போல நாலு வரியில் முடித்துவிடாதே என்று தலைவர் சொல்லிவிட்டார், அதனால் இந்தத் தடவை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் சம்பிரதாயம். பீளமேடு பேக்கரி மாடியில் இரண்டாவது ஞாயிறுதோறும் கூடுவது வழக்கம். பன்னிரண்டில் பத்து நடந்தது, தீபாவளிக்கு ஒன்று போச்சு, மழைக்கு ஒன்று போச்சு. உறுப்பினர்கள் 34-லிருந்து 41 ஆனோம். புதிதாக வந்தவர்களில் பாதிப் பேர் சங்கத்தின் மேல் பாசம் பொங்கி வந்தவர்கள் இல்லை, டெஸ்டர் தேடி வந்தவர்கள். 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் பெயரில் கணக்குத் திறந்தவர்கள் கூகுள் பிளேயில் ஆப்பை வெளியிட வேண்டுமென்றால் இருபது பேரைப் பிடித்து, பதினாலு நாள் விடாமல் சோதிக்க வைக்க வேண்டும் என்று விதி. 2024 டிசம்பரில் அந்த இருபதைப் பன்னிரண்டு ஆக்கினார்கள். மச்சான், சித்தி, பக்கத்து வீட்டுப் பையன் என்று எண்ணிப் பார்த்தாலும் ஆறேழு பேரைத் தாண்டாது, நம் குரூப்பில் ஒரு செய்தி போட்டால் அரை மணி நேரத்தில் ஆள் சேர்ந்துவிடுகிறது. இந்த வருஷம் சங்கம் செய்த உருப்படியான வேலை எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மற்றபடி பத்துக் கூட்டத்தில் ஏழு கூட்டம், ஆப் கடைகள் நம் விற்பனையில் எடுக்கிற கமிஷன் பற்றிய பேச்சிலேயே கரைந்தது. அதற்குக் காரணம் 2024 மார்ச் 1. அன்றைக்குத்தான் கூகுள், கமிஷன் கட்டவில்லை என்று சில இந்திய கம்பெனிகளின் ஆப்களை பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. அதில் சென்னை மேட்ரிமோனி டாட் காமின் பாரத் மேட்ரிமோனியும் இருந்தது, மும்பைக்காரர்கள், டெல்லிக்காரர்கள் ஆப்களும் இருந்தன. சண்டை சென்னையிலேயே நடந்த சண்டை என்பது நம்மில் பலருக்கே தெரியவில்லை. கடையின் பில்லிங் வழியாகத்தான் பணம் வாங்க வேண்டும் என்ற விதியை எதிர்த்துப் போன மனுக்களை 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார், இது போட்டி ஆணையமான சிசிஐ பார்க்க வேண்டிய சங்கதி என்று. 2024 ஜனவரியில் டிவிஷன் பெஞ்சும் அதையே உறுதி செய்தது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தரவில்லை, அடுத்து மார்ச் 1 வந்தது. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்ட பிறகு சில நாளிலேயே ஆப்கள் திரும்பி வந்தன. ஏப்ரல் கூட்டத்தில் இதைத்தான் விவாதித்தோம்: அவ்வளவு பெரிய கம்பெனி ஆப்பைத் தூக்கினால் அமைச்சர் கூப்பிட்டுப் பேசுவார், நம் ஆப்பைத் தூக்கினால் யார் கூப்பிடுவார்?

பதிலை ஜூலையில் ஒரு உறுப்பினர் அனுபவத்திலேயே தெரிந்துகொண்டார். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைக்காரர்களுக்கான தீவனக் கணக்கு ஆப் அவருடையது. எத்தனை குஞ்சு, எத்தனை மூட்டை, எடை எவ்வளவு ஏறியது என்று போட்டால் நஷ்டமா லாபமா சொல்லும். வருஷச் சந்தாவை ஆப்புக்குள்ளேயே ஒரு க்யூஆர் கோடு வைத்து யுபிஐயில் வாங்கிக்கொண்டிருந்தார், ஒரு நாள் காலையில் ஆப் இல்லை. (எந்தக் கடை என்று எழுதவில்லை. நாளைக்கு அப்டேட் போட வேண்டியவர்கள் நாம்.) ஏற்கெனவே போனில் இருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை, புதுப் போன் மாற்றிய ஒரு பண்ணைக்காரர்தான் தேடிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "ஆப்பைக் காணோமுங்க தம்பி. காசு கட்டுனது உங்களுக்குத்தானுங்களே, நடுவுல யாருங்க எடுத்தது?"

இந்தக் கேள்விக்கு நாம் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை செலவழித்தோம். விதி கூகுள், ஆப்பிள் என்ற ரெண்டு பெரிய கடையிலும் அடிப்படையில் ஒன்றுதான். ஆப்புக்குள்ளேயே பயன்படுகிற டிஜிட்டல் சரக்கை ஆப்புக்குள் விற்றால் கடையின் பில்லிங் வழியாகப் போக வேண்டும், கமிஷன் உண்டு. கையில் தொடுகிற பொருளுக்கும் வெளியில் நடக்கிற சேவைக்கும் அது கிடையாது, அதனால்தான் சாப்பாடு வரவழைக்கிற ஆப்பிலும் டாக்ஸி ஆப்பிலும் நீங்கள் பாட்டுக்கு ஜிபேயில் கட்டுகிறீர்கள். ஆக, நம் உறுப்பினர் கோழித் தீவனத்தையே ஆப்பில் விற்றிருந்தால் கமிஷன் கிடையாது. தீவனத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்ததால் உண்டு. இதைச் சொன்னபோது கீழே பில் போடுகிற பேக்கரிக்காரர் மகன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆப் மூன்று வாரத்தில் திரும்பி வந்தது, க்யூஆர் இல்லாமல்.

இந்தியாவில் இன்னொரு வழி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2022 அக்டோபரில் சிசிஐ பிளே ஸ்டோர் பில்லிங்குக்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது (2025 மார்ச் 28-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்துவிட்டது), அந்த உத்தரவுக்குப் பிறகு வேறு பில்லிங்கையும் வைத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். வைத்துக்கொண்டால் கமிஷனில் 4% குறையும். அதாவது 30% கட்டுகிறவர் 26%, நம்மைப் போல 15% கட்டுகிறவர் 11%. பொருளாளர் அண்ணன் இதைப் பேக்கரி பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். வரியை ஒதுக்கி வைத்துவிட்டு நூறு ரூபாய்க்குப் பாருங்கள். பழைய வழியில் 15 போகும். புது வழியில் 11 கடைக்கு, ரெண்டு ரூபாய் பணம் வசூலித்துக் கொடுக்கிற கேட்வேக்கு, கேட்வே கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி, ஆக 13.36. மிச்சம் ஒரு ரூபாய் அறுபத்து நாலு காசு. அதற்காக ஒவ்வொரு பரிவர்த்தனையையும் கடைக்குத் தெரிவிக்க கோடு எழுத வேண்டும், பணம் வெட்டி ஆப் திறக்காதவர் போன் செய்தால் நாமே தேட வேண்டும். அந்த ஒன்று அறுபத்து நாலுக்கு இன்றைக்கு ஒரு தேங்காய் பன்னில் கால்வாசி கூட வராது. நம் 41 பேரில் ஒருவர்கூட அந்த வழிக்குப் போகவில்லை.

உலகம் பூராவும் இதே கதைதான் என்பதை ஆகஸ்ட் கூட்டத்தில் நூல் கவுண்ட் ஆப் தம்பி விரிவாகப் பேசினார், நன்றாகவே பேசினார், படம் எல்லாம் போட்டு. தென்கொரியா 2021-ல் உலகத்திலேயே முதலாவதாக, கடையின் பில்லிங்கைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. கடைகள் சரி என்றன, ஆனால் வெளியில் வசூலித்தாலும் 26% என்றன. நெதர்லாந்தில் டேட்டிங் ஆப்களுக்காக அங்கிருக்கிற ஆணையம் ஆப்பிளுக்கு வாரம் 50 லட்சம் யூரோ வீதம் ஐந்து கோடி யூரோ வரை அபராதம் ஏற்றியது. ஆப்பிள் கதவைத் திறந்து 27% என்று பலகை மாட்டியது. அமெரிக்காவில் எபிக் என்கிற கேம் கம்பெனி ஆப்பிள் மேல் போட்ட வழக்குக்குப் பிறகு 2024 ஜனவரியில் வெளி லிங்க் வைக்க அனுமதி, அதற்கும் 27%, சிறியவர்களுக்கு 12%. ஐரோப்பாவில் அதே வருஷம் மார்ச்சிலிருந்து ஒரு புதுச் சட்டத்துக்கு ஆப்பிள் கட்டுப்பட வேண்டியதாயிற்று. அங்கே ஆப்பிள் கண்டுபிடித்தது இன்னும் புதுசு: புது நிபந்தனைக்குள் வந்தால் வருஷத்துக்குப் பத்து லட்சம் இன்ஸ்டாலைத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் அரை யூரோ. இலவச ஆப் திடீரென்று ஓடிவிட்டால் சொத்தை விற்க வேண்டியதுதானா என்று கூச்சல் எழுந்ததும், வருமானமே இல்லாதவர்களுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். நாடு மாறுகிறது, நீதிபதி மாறுகிறார், கணக்கு மட்டும் 26, 27 பக்கமே சுற்றிச் சுற்றி வருகிறது.

நியாயமாகச் சொன்னால் நமக்கும் ஒன்று கிடைத்தது. 2020 ஆகஸ்டில் எபிக் தன் ஃபோர்ட்நைட் கேமில் நேரடிப் பணம் வாங்கி, அன்றைக்கே கடையிலிருந்து வெளியே போய், வழக்குப் போட்டது. அந்த நவம்பரில் ஆப்பிள், வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்குக் கீழே சம்பாதிக்கிறவர்களுக்கு 15% போதும் என்று அறிவித்தது. அடுத்த ஜூலையிலிருந்து கூகுளும் முதல் பத்து லட்சம் டாலருக்கு 15% ஆக்கியது. தானாக மனமிரங்கித்தான் குறைத்தார்கள் என்று நம்புகிறவர்கள் கை தூக்கலாம் என்றேன், யாரும் தூக்கவில்லை.

இனி 2025 ஏப்ரல் 30 சங்கதி. அமெரிக்க நீதிபதி இவோன் கொன்சாலஸ் ரோஜர்ஸ், எபிக் வழக்கில் தான் போட்ட பழைய உத்தரவை ஆப்பிள் மதிக்கவில்லை என்று சொல்லி, அமெரிக்கக் கடையில் வெளி லிங்க் வழியாக நடக்கிற விற்பனைக்குக் கமிஷனே கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். குரூப்பில் அன்று ராத்திரி பட்டாசு ஸ்டிக்கர்தான். நம் சுருதிப்பெட்டி அக்காவுக்கு வாடிக்கையாளர் பாதிப் பேர் அமெரிக்காவில் பாட்டுக் கற்றுக்கொடுக்கிறவர்கள், அதனால் அவர்தான் முதலில் லிங்க் வைத்தார். ஆப் விலை 4.99 டாலர். ஆப்பிளுக்கு 15% என்றால் 75 சென்ட். வெளியில் விற்க வேண்டுமென்றால் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி, அதை அக்கா கோவையில் உட்கார்ந்து கட்ட முடியாது, வரியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிற இடைநிலை கம்பெனியிடம் போக வேண்டும். அவர்களின் வழக்கமான கட்டணம் 5%, அதற்கு மேல் 50 சென்ட். அக்கா கால்குலேட்டரில் போட்டார், 25 சென்ட்டும் 50 சென்ட்டும் 75 சென்ட். மறுபடியும் போட்டார். அதே 75. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ சொன்னார்.

இதிலிருந்து என் கருத்து ஒன்று, சங்கத்தின் கருத்து அல்ல. கமிஷனே கூடாது என்று நம்மில் சிலர் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஐம்பது டாலர் சந்தா விற்கிறவர்களுக்கும், 30% கட்டுகிற பெரிய கம்பெனிகளுக்கும் சதவீதம்தான் சண்டை. நூறு ரூபாய்க்கும் ஐந்து டாலருக்கும் விற்கிற நமக்குப் பதினைந்து சதவீதம் அநியாயம் இல்லை, டொரன்டோவில் ஒருவர் நடுராத்திரி வாங்குகிறார், வரி கட்டப்படுகிறது, நாம் தூங்குகிறோம். நமக்கு வலிப்பது வேறு இடம்.

என் சொந்தக் கதையையே சொல்கிறேன். மொய்க் கணக்கு ஆப் செய்கிறேன் என்பது எல்லாருக்கும் தெரியும். செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் "எங்கள் வெப்சைட்டில் 99 ரூபாய்தான்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் அனுப்பிய அப்டேட் திரும்பி வந்தது, ஒரு விதி எண்ணும் ஒரு பத்திப் பொதுவான விளக்கமும் மட்டும். எந்தப் பக்கம், எந்த வரி, ஒன்றும் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை மாற்றினேன், திரும்பி வந்தது. பிரைவசி பாலிசியைத் திருத்தினேன், திரும்பி வந்தது. பத்தொன்பதாவது நாள் என் மனைவி பார்த்துவிட்டு "இந்த 99 ரூபாயா இருக்குமோ" என்றார். எடுத்தேன், அன்று சாயங்காலமே பாஸ். அதற்குள் கல்யாணமெல்லாம் முடிந்து, மொய் எழுதினவர்கள் நோட்டிலேயே எழுதிவிட்டார்கள். என் சரக்கின் விலையை என் வாடிக்கையாளரிடமே மறைத்துத்தான் நான் பேச வேண்டும் என்பதுதான் எனக்கு ஜீரணமாகாத பகுதி. ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் போட்டதும் இதே மாதிரி வாய்ப்பூட்டுக்காகத்தான்.

அப்புறம் ரீஃபண்ட். ஆப்பிள் கடையில் வாங்கியவருக்கு நாமாகப் பணம் திருப்பிக் கொடுக்கவே முடியாது, ஆப்பிளிடம்தான் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் அதை நம்புவதில்லை, நாம் ஏமாற்றுவதாக நினைத்து ஒரு ஸ்டார் போடுகிறார். பிளேயில் காசு வாங்குகிற ஆப் என்றால் நம் வீட்டு முகவரியே கடைப் பக்கத்தில் தெரியும். பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் 149 ரூபாய்க்காக நம் உறுப்பினர் வீட்டுக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். அம்மா காபி கொடுத்தார்களாம். இப்போது அவர் நம் டெஸ்டர் பட்டியலில் நிரந்தரமாக இருக்கிறார்.

ஜனவரி, பிப்ரவரி ரெண்டு கூட்டமும் பேசி, சிசிஐக்கு ஒரு மனு எழுதுவது என்று முடிவானது. கேட்பது மூன்றே: எங்கள் விலையை எங்கள் ஆப்புக்குள் சொல்ல விடுங்கள், நிராகரித்தால் எந்த வரி என்று காட்டுங்கள், ரீஃபண்ட் கொடுக்கிற பட்டனை எங்களிடமும் வையுங்கள். சதவீதத்தை இதில் சேர்க்க வேண்டாம் என்பது பதினொன்றுக்கு எட்டு என்ற ஓட்டில் முடிவானது, தோற்றவர்களின் மாற்றுக் கருத்தும் குறிப்பேட்டில் இருக்கிறது. மனு தயாராகி நாலு மாதமாகத் தலைவரின் லேப்டாப்பில் பத்திரமாக இருக்கிறது. தலைவர் கோபிக்கக் கூடாது, அறிக்கையில் எழுதச் சொன்னவரே அவர்தான்.

கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். மாடி வாடகை ஆகஸ்டிலிருந்து ஏறுகிறது. புரொஜெக்டரின் பல்பு மங்கிவிட்டது, விலை விசாரித்திருக்கிறோம். செயலாளர் பதவிக்கு இந்தத் தடவை வேறு யாராவது நின்றால் சந்தோஷப்படுவேன், மொய்க் கணக்கு ஆப்புக்கு அப்டேட் பாக்கி இருக்கிறது.

வருஷச் சந்தா ஐநூறு ரூபாய், ஒன்பது பேர் பாக்கி. பொருளாளரின் க்யூஆர் கோடு பேக்கரி கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. பேக்கரிக்காரருடைய க்யூஆரும் அதற்கு மேலேயே இருக்கிறது, போன மாதம் ரெண்டு பேர் மாற்றிக் கட்டிவிட்டார்கள், பெயரைப் பார்த்துக் கட்டவும்.