நடுச்சாமத்து விளக்கு

அன்பு மகன் குமரன்,

நாங்கள் சுகம். வெள்ளவத்தையில் ஐந்து நாளாக விடாத மழை. பெரியம்மா முழங்கால் ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டா. இதெல்லாம் அம்மா சொல்லியிருப்பா. சொல்லியிருப்பா என்று எழுதுகிறேனே, நீ போன் எடுத்து மூன்று கிழமை.

மார்கழியில் நீ வந்து நின்ற பதினாறு நாளும் உன் நடமாட்டத்தைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். ஒன்றரைக்கு நான் எழும்புவேன், இரண்டேகாலுக்கு நீ. மூன்றரைக்குத் திரும்பவும் நான், விடிய முன்னம் நீ. ஒருநாள் பாத்ரூம் வாசலில் இருவரும் முட்டிக்கொண்டோம். "தண்ணி குடிக்க வந்தனான்" என்றாய். நானும் அதையே சொன்னேன். எனக்கு 72 வயது, நான் சலம் போக எழும்புவது புதினமில்லை. உனக்கு 41.

சவரம் செய்ய பிளேட் தேடி உன் பையைத் திறந்தபோது அந்தச் சின்னப் போத்தலையும் ஊசிகளையும் கண்டேன். கோபப்படாதே, கிண்டிப் பார்க்கவில்லை. பெயரைத் துண்டில் எழுதிக்கொண்டு போய் என் சலவருத்தத்தைப் பார்க்கும் யூரோலொஜி டொக்டரிடம் கேட்டேன். தெரிந்த பொடியன் ஒருவனுடையது என்றுதான் சொன்னேன்.

அது டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் ஊசியாம். உடம்பில் அந்த ஹோர்மோன் குறைவு என்பதை ஒரு நாள் பின்னேரம் இரத்தம் குத்திப் பார்த்து முடிவுகட்ட முடியாதாம். காலையில்தான் அது கூடுதலாக இருக்கும், அதனால் காலையிலேயே, இரண்டு வெவ்வேறு நாளில் பார்க்க வேண்டும். இரண்டிலும் டெசிலீற்றருக்கு 300 நனோகிராமுக்குக் கீழே இருந்து, களைப்பு, ஆசைக்குறைவு போன்ற குணங்குறிகளும் இருந்தால்தான் குறைவு என்பார்களாம். உனக்கு யார் பார்த்தது? ஜிம்மில் கூட நிற்கிறவனா?

அடுத்ததாக அவர் சொன்னதைக் கேட்டபின் எனக்கு நித்திரையே இல்லை. வெளியிலிருந்து ஊசி ஏறினால், உடம்பில் போதுமான அளவு இருக்கிறதென்று மூளை எண்ணிவிடுமாம். விதைகளுக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு குறையும், சிலருக்கு அறவே இல்லாமல் போகும். பிள்ளைக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த ஊசி கொடுப்பதே இல்லையாம். மருமகள் மயூராபதி அம்மனுக்கு நேர்த்தி வைத்தது எனக்குத் தெரியும். உனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லையா, மகன்? இரத்தமும் தடிக்குமாம். ஹீமட்டோகிறிற், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 வீதத்தைத் தாண்டினால் நிறுத்தியே ஆகவேண்டுமாம். நீயாகத் திடீரென்று விடாதே, கூட்டவும் வேண்டாம். போத்தலோடு போய் ஒரு டொக்டரிடம் காட்டு.

உன் குறட்டை சுவரைத் தாண்டி வந்தது. நித்திரையில் மூச்சு அடைபடுகிறவர்களுக்கு இரவில் சலம் கூடுதலாகப் போகும், அந்த ஊசி மூச்சடைப்பை இன்னும் மோசமாக்கலாம். சீனி வருத்தம் இருந்தாலும் சலம் அடிக்கடி போகும், டெஸ்டோஸ்டெரோனும் இறங்கலாம். சீனியைப் பார். முதலில் சீனியைப் பார். வயிறும் வைத்திருக்கிறாய். தங்கச்சியின் படிப்பை ஒற்றை ஆளாக இழுத்து முடித்தவன் நீ, உன் உடம்புக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்க முடியாதா?

நீ ஏ.எல் சோதனை எடுத்த வருடம் அம்மா ஹோலில் பாய் போட்டுப் படுக்கத் தொடங்கினது ஞாபகமிருக்கும். "அம்மாவோட என்ன கோபம்?" என்று நீ கேட்டாய். நான் கன்னத்தில் அறைந்தேன். அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த நாட்களில் என்னால் அவவுக்குப் புருஷனாக இருக்க முடியாமல் போயிருந்தது. இரவில் நாலு தரம் எழும்புவேன், பகலில் கந்தோரில் தூங்கி விழுவேன். வெட்கத்தில் யாருக்கும் வாய் திறக்கவில்லை. வெட்கம் கோபமாக மாறி உங்கள் எல்லோர் மேலும் விழுந்தது. சீனி என்று பிடிபட்டது மூன்று வருடம் கழித்து. அதன்பிறகும் அம்மாவுக்கு நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. தன்னில்தான் பிழையென்று அவ இன்றைக்கும் நினைத்திருக்கக்கூடும். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு இத்தனை வருடம் போய்விட்டது.

போன வருடம் "வயிற்றுக்குத்து" என்று உனக்குச் சொன்னதும் பொய். தடிமனுக்குக் குளிசை போட்ட இரவு சலம் அடியோடு நின்றுவிட்டது. விடியும்வரை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், சலம் எடுக்க ரியூப் போட்டார்கள். சலப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்ரேற் சுரப்பி என்னைப்போல வீங்கியிருக்கிறவர்கள் அந்தக் குளிசையில் கவனமாக இருக்கவேண்டுமாம். இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சலம் இலகுவாகப் போகத் தம்சுலோசின் குளிசை ஒன்று போடுகிறேன்.

அங்கே ஒரு தாள் தந்தார்கள். சலம் போவதைப் பற்றி ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி வரை, மொத்தம் 35. புள்ளி கூடினால் கரைச்சல் கூட. எனக்கு முதலில் 22 வந்தது, இப்போது 9. வெறுந்தாள் ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன். நிரப்பி எனக்கு அனுப்பு. அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. அவ போனைத் தூக்கினால் என்னிடம் கொடுக்கச் சொல்லு.

அப்பா