ஏரி நிலவரத்தைப் படமாகப் போடுங்கள்

ஆசிரியருக்கு,

மழைக்காலம் வந்தால் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி என்று சென்னை ஏரிகளின் நிலவரத்தைப் பட்டியலாகப் போடுகிறீர்கள். செம்பரம்பாக்கத்தில் 24 அடிக்கு 12 அடி என்று படித்தால் ஏரி பாதி நிரம்பிவிட்டதாகத்தான் தோன்றும். ஆனால் மேலே போகப் போக ஏரி அகலம். பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது. அதனால் அடிக்கணக்கை விட்டுவிட்டு, 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவில் இன்று எவ்வளவு என்று பட்டை வரைபடமாகக் காட்டலாமே! பட்டை பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். இடையில் வெட்டினால் சின்ன ஏற்றமும் மலையாகத் தெரியும் (தேர்தல் நேரத்து வரைபடங்களில் பார்த்ததுதான்). அப்புறம், ஏரிகள் வறண்ட 2019-ஆம் ஆண்டின் அளவும் பக்கத்தில் மங்கலாக இருந்தால், கோடையில் தண்ணீர் லாரிக்கு அலைய வேண்டியிருக்குமா என்று நாங்களே கணித்துக்கொள்வோம்.

ஒரு வாசகர்,
குரோம்பேட்டை