போட்மெயில் ஸ்டீமர் பொருள் சேகரிப்பு – ஞாயிறு கூட்டம்

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் 5 மணிக்கு பாம்பன்ல கூடுறோம், கண்டிப்பா வந்துருங்க.

இங்கிலாந்துல டேனியல் ஆடம்சன்னு ஒரு நீராவி இழுவைக் கப்பல், 1903ல கட்டுனது, கால்வாய்ல சரக்குப் படகுகள இழுத்துக்கிட்டு ஆளுகளையும் ஏத்திட்டுப் போனது, 2004ல பழைய இரும்புக்கு உடைக்கப் போறாங்கன்னதும் ஒருத்தர் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கி, ஊர்க்காரங்க வருசக்கணக்கா சம்பளம் இல்லாம துருவச் சுரண்டி 2016ல திரும்ப ஓடவிட்டாங்க. படிச்சதும் எனக்கு நம்ம போட்மெயில் ஸ்டீமர், அதான் ரயிலோட சேந்து ஓடுன நீராவிக் கப்பல், அது ஞாபகந்தான்.

1914ல இருந்து தனுஷ்கோடி–தலைமன்னார் ஓடுச்சு, எழும்பூர்ல எடுத்த ஒரே டிக்கெட்டுல ரயிலு, கப்பலு, அங்கிட்டு மறுபடி ரயிலுன்னு கொழும்பு போயிரலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியவே கொண்டு போயிருச்சு. நம்மகிட்ட காப்பாத்த கப்பல் இல்ல, ஆனா பரண்ல இருக்குறதயாவது காப்பாத்தணும்ங்க.

எங்க தாத்தாவோட அட்டை டிக்கெட்டு ஒண்ணு இருக்கு, ஓரமெல்லாம் கரையான் அரிச்சு நடுவுல டிக்கெட்டுக்குப் போட்ட ஓட்டை மட்டும் அப்படியே இருக்கு, தொட்டாலே உதிருது.

அந்த மாதிரி டிக்கெட்டு, போட்டோ, டிரங்குப் பெட்டி எது இருந்தாலும் கொண்டாங்க, லேமினேஷன் மட்டும் பண்ணிறாதீங்க. கப்பல்ல போன பெரியவுக வீட்ல இருந்தா கூட்டிட்டு வாங்க, அவுக பேசுறத ரெக்கார்டு பண்ணணும். குழுவுல போட்டோ போட்டா யாரு, எந்த வருசம்னு கீழ எழுதிருங்க.