ஆடு அடித்த கதை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து மாலதியுடையது என்றாலும் முணுமுணுப்பு முழுக்க உன்னுடையதுதான். கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். டிவி பக்கம் திரும்பவிடாமல் மகள் காவல் நிற்கிறாள், நீ பார்த்ததையாவது எழுது என்கிறாய். எழுதுகிறேன். மாலதி, இதை அம்மாவுக்கு நீதான் படித்துக் காட்டப்போகிறாய், கொலைக்கதை, பொறுத்துக்கொள்.

போன சனிக்கிழமை இவரும் நானும் ஒரு பழைய அமெரிக்கத் தொடரில் ஒரு கதை பார்த்தோம். 'ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் பிரசென்ட்ஸ்'. 1955-இல் தொடங்கியது. வாரம் ஒரு கதை, ஒவ்வொன்றிலும் வேறு ஆட்கள், அரை மணியில் தீர்ந்துவிடும். நாங்கள் பார்த்தது 1958 ஏப்ரலில் ஒளிபரப்பான 'லாம்ப் டு த ஸ்லாட்டர்'. தொடர் சினிமா இயக்குநர் ஹிட்ச்காக்கின் பெயரில் ஓடினாலும் அவரே இயக்கிய கதைகள் கொஞ்சம்தான். இது அதில் ஒன்று. கதையும் திரைக்கதையும் ரோல்ட் டால். ஆமாம் மாலதி, சாக்லேட் தொழிற்சாலைக் கதை எழுதிய அதே மனிதர்தான்.

வசந்தா, துப்பறியும் நாவல் கையில் கிடைத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவள் நீ. அதற்காக ஹாஸ்டலில் உன்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன்! இந்தக் கதை உனக்கென்றே செய்தது. கொன்றது யார் என்று ஆரம்பத்திலேயே கண்ணால் பார்த்துவிடுகிறோம்.

மேரி மலோனி, கர்ப்பிணி. கணவன் போலீஸ் அதிகாரி. மாலையில் வீட்டுக்கு வந்தவன், எனக்கு வேறொருத்தி இருக்கிறாள், உன்னை விட்டுப் போகிறேன் என்கிறான். அவளோ ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாள்! போய் ஃப்ரீசரைத் திறந்து, கல்லாக உறைந்து கிடக்கும் ஆட்டுத் தொடையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அவன் கிளம்பப் பார்க்கிறான். பின்மண்டையில் ஒரே போடு.

ஆங்கிலத் தலைப்பு பைபிளிலிருந்து வந்தது. ஏசாயாவில் 'அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுகிற ஒரு ஆட்டுக்குட்டி' என்று வருமே, அது. நாம் ஆடு அடிப்பது என்போம். இங்கே ஆடே அடித்துவிட்டது. டாலுக்குத் தமிழ் தெரியாமல் போனது அவருக்குத்தான் நஷ்டம்.

அப்புறம் அவள் செய்வதைக் கேள். ஆட்டுத் தொடையை ஓவனுக்குள் வைக்கிறாள். கடைக்குப் போய்க் காய்கறி வாங்குகிறாள். திரும்பி வந்து போலீசுக்குப் போன் செய்கிறாள். வருகிறவர்கள் எல்லோரும் செத்தவனோடு வேலை பார்த்தவர்கள். பாவம் மேரி, உட்கார் மேரி, தண்ணீர் குடி மேரி. கனமான ஏதோ ஒன்றால் அடித்திருக்கிறார்கள், அது கிடைத்தால் ஆளும் கிடைத்தான் என்று வீட்டைச் சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். ஓவன் எரிந்துகொண்டிருப்பதும் உள்ளே கறி இருப்பதும் அவர்களுக்கே தெரிகிறது. பசியோடு இருக்கிறீர்கள், வீணாகப் போகிறது, சாப்பிடுங்களேன் என்கிறாள். முதலில் மறுக்கிறார்கள், பிறகு உட்கார்ந்து ஒரு பிடி பிடிக்கிறார்கள். மென்றுகொண்டே ஒருவர் சொல்கிறார்: அந்த ஆயுதம் எங்கேயும் போயிருக்காது, நம் மூக்கடியிலேயே இருக்கும்.

பக்கத்து அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் மேரிக்குச் சிரிப்பு வருகிறது. அவ்வளவுதான் முடிவு.

நாலு நாளாக எனக்கு அந்த முகம்தான். பார்பரா பெல் கெடஸ் என்ற நடிகை. அதே 1958-இல் 'வெர்டிகோ' படத்தில், கதாநாயகன் திரும்பிப் பாராத நல்ல தோழியாக வந்தாரே, அவரேதான். நல்லவள் என்று எழுதி ஒட்டியது போன்ற முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்யவைத்ததுதான் ஹிட்ச்காக்கின் குறும்பு. போலீஸ்காரர்களை முட்டாள்கள் என்று இவர் சிரித்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் தேடத் தெரிந்தவர்கள்தான். ஆனால் சமையலறையில் அவர்களுக்குத் தெரிவது சாப்பாடு மட்டும்தான். அங்கே ஒருத்தி நின்று யோசித்திருப்பாள், தீர்மானித்திருப்பாள் என்பது அவர்கள் புத்தியில் ஏறவே இல்லை. நாற்பது வருஷம் அடுப்பங்கரையில் நின்றவள் சொல்கிறேன், ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. (மாலதி, இந்த வரியை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

1953-இல் வந்த மூலக்கதையைத் தேடிப் படித்தேன். அதில் கணவன் என்ன சொன்னான் என்பதையே டால் எழுதவில்லை. விஷயத்தைச் சொன்னான், நாலைந்து நிமிடம் ஆனது, அவ்வளவுதான். அவன் சொன்னதை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். டிவியில் 'இன்னொருத்தி' என்று உடைத்துச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் புத்தகம்தான் பிடித்தது. 1979-இல் இங்கிலாந்திலும் இதே கதையை டிவிக்கு எடுத்திருக்கிறார்கள், வண்ணத்தில். பரவாயில்லை ரகம்.

ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒன்று ஹிட்ச்காக்கிடம் இருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்க டிவியில் கொலை செய்தவர் தப்பிப்பதாகக் காட்டினால் ஆகாது. கதையில் மேரி தப்பிவிட்டாள், என்ன செய்வது? கதை முடிந்ததும் ஹிட்ச்காக் வந்து நிற்கிறார், துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. மேரி தப்பித்திருப்பாள், ஆனால் இரண்டாவது கணவனையும் அதே மாதிரி தீர்க்கப் பார்த்தாள், அவன் ஞாபகமறதிக்காரன், ஃப்ரீசர் பிளக்கைச் செருக மறந்துவிட்டான், கறி கூழாகக் கிடந்தது என்கிறார். சட்டத்துக்குக் கணக்குக் காட்டியாயிற்று. அவர் சொல்வதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும், விளம்பரம் கொடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். இத்தனை பவ்யமாக யாராவது விதியைக் கேலி செய்து பார்த்திருக்கிறாயா? எனக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முட்டிவலி படி ஏறும்போது மட்டும். நீ கண்ணுக்கு மருந்து விடுவதை மறக்காதே. கண்ணாடி போட்டு நீயே எழுதும் முதல் கடிதம் எனக்குத்தான் வர வேண்டும்.

நம் வீட்டு ஃப்ரீசர் ஒரு மாதமாகச் சரியாக உறையவைப்பதில்லை, ஆளை வரச்சொல்லுங்கள் என்று இவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி டிவியை அணைத்துவிட்டு, படுக்கப் போகும்போது இவர் சொன்னார்: "ஆளெல்லாம் வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்."

உன்,
லலிதா