ஏப்ரல் மாத ஸ்கோர்

பிரீமாண்ட்,
2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பேஸ்பால் சீசன் தொடங்கிப் பதினோரு நாள் ஆகிறது. முதல் ஆட்டம் முடிந்த இரவே நீ பேசிவிடுவது வழக்கம் என்பதால், அன்று அம்மா பதினொரு மணி வரை தூங்கவில்லை. கடைசியாகப் பொங்கலன்று பேசியதுதான். வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணி ஒன்பது ஆட்டங்களில் எட்டை வென்றிருப்பதை நீயும் பார்த்திருப்பாய். சின்சினாட்டியில் முதல் ஆட்டத்திலேயே, ஒன்பதாவது இன்னிங்கில் வில்மர் ஃப்ளோரஸ் பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடித்து, மூன்று ரன் தரும் ஹோம் ரன்னால் 6-4 என்று ஜெயிக்க வைத்தார். போன வெள்ளிக்கிழமை சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆட்டம் வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பதினோரு இன்னிங் வரை இழுத்து, மறுபடியும் அதே ஃப்ளோரஸின் அடியில் 10-9 என்று முடிந்தது. எதிர்வீட்டுக்காரர் இப்போதே அக்டோபர் இறுதிப் போட்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஒரு சீசனின் 162 ஆட்டங்களில் ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும் என்று கேட்டேன், சிரித்தார்.

நம் அத்லெட்டிக்ஸின் பாடு வேறு. ஓக்லாண்டை விட்டு வந்து, பெயருக்கு முன்னால் ஊரே இல்லாமல், ஜயண்ட்ஸின் சிறிய அணியான ரிவர் கேட்ஸ் ஆடும் வெஸ்ட் சாக்ரமெண்டோ மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறார்கள். குடிபுகுந்த அன்றே சிகாகோ கப்ஸிடம் 18-3 என்று தோற்றார்கள். அதற்காக மனம் விட்டுவிடக் கூடாது. 2001ஆம் ஆண்டு உனக்கு நினைவிருக்கும்: முதல் 26 ஆட்டங்களில் 18 தோல்வி, சீசன் முடிவில் 102 வெற்றி. ஏப்ரலைப் பார்த்து ஒரு வருடத்தை எடைபோடக் கூடாது என்று அன்றே உனக்குச் சொல்லியிருக்கிறேன். தனியாக இருப்பவன் வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

போன செப்டம்பர் 26 அன்று அத்லெட்டிக்ஸின் பழைய மைதானமான ஓக்லாண்ட் கொலிசியத்தில் கடைசி ஆட்டத்துக்கு உன்னைக் கூப்பிட்டேன், நீ வரவில்லை. டெக்சாஸ் அணியை 3-2 என்று வென்றோம். 46,889 பேர் இருந்தும், பக்கத்தில் கைதட்ட என்னுடைய ஆள் ஒருவர் இல்லை. மைதான ஊழியர்கள் அள்ளிக் கொடுத்த மண்ணைக் காகிதக் கோப்பையில் கொண்டுவந்து வைத்தேன். அம்மா அதைத் துளசித் தொட்டிக்கு என்று நினைத்துக் கொட்டப் போனாள், நல்லவேளையாகப் பார்த்துவிட்டேன்.

நேற்று அலமாரியில் பழைய ஸ்கோர் கார்டுகளைத் தேடி எடுத்தேன். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் அறியாத எனக்கு அதை எழுதக் கற்றுக்கொடுத்தவன் நீதான். மட்டையைச் சுழற்றாமல் நின்று ஸ்ட்ரைக் அவுட் ஆனால், அந்த அவுட்டைக் குறிக்கும் ‘கே’ எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்று, ஒன்பது வயதில், வாத்தியாரைப் போல் எனக்குச் சொல்லித் தந்தாய். அதை இப்போதும் அலுவலகத்து நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு.

அந்தக் கட்டில் 2002 செப்டம்பர் 4ஆம் தேதி கார்டும் இருந்தது. ஓரத்தில் புளிசாதத்தின் எண்ணெய்க் கறை. ஏழாவது இன்னிங் வரை உன் கோணல் எழுத்து. எட்டும் ஒன்பதும் காலி. அத்லெட்டிக்ஸின் தொடர்ந்து இருபதாவது வெற்றிக்கான ஆட்டம் அது. மூன்றாவது இன்னிங் முடிவில் நமக்கு 11-0, நாம் எழுந்தபோது 11-5. ஆட்டம் முடிந்தது போலத்தான், நாளைக்குப் பள்ளிக்கூடம் என்று சொல்லி உன் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பார்ட் ரயிலில் ரேடியோ வைத்திருந்த ஒருவர் 11-10 என்றார். பிறகு ஸ்காட் ஹாட்டெபெர்க் ஒன்பதாவது இன்னிங்கில் மாற்று ஆட்டக்காரராக வந்து ஹோம் ரன் அடித்து 12-11 என்று முடித்ததை, ஸ்டேஷன் வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்து கேட்டோம். நீ அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. பென்சிலைப் பெட்டியில் வைத்து மூடினாய்.

அன்று நான் செய்தது தவறு என்று இருபத்திரண்டு வருடங்களாக உன்னிடம் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நானாகவே தீர்மானித்து எழுந்துவிடுவது என் சுபாவம். நவம்பரில் நீ சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தி, பிறகு பேசலாம் என்று போனை அம்மாவிடம் கொடுத்தேனே, அதுவும் இப்படித்தான். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். மீதியைக் கேட்காதவன் நான்தான்.

வருகிற சனிக்கிழமை வெஸ்ட் சாக்ரமெண்டோவில் அத்லெட்டிக்ஸ் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அம்மா புளிசாதம் கட்டித் தருவதாகச் சொல்கிறாள். அங்கே உள்ளே விடுவார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மைதானம் எனக்குப் புதிது. காரை எங்கே நிறுத்துவது, எந்த வாசல் பக்கம் வந்து நிற்பது என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா